புதுக்கோட்டையும் பறக்கும் தட்டும்: வேட்டைக் குறியிலிருந்து ஒலிம்பிக் டிராப் வரை

டிராப் என்பது, பள்ளத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பும் என்று முன்கூட்டித் தெரியாத தட்டை, அது பறக்கும்போதே சுட்டு உடைக்கும் துப்பாக்கி சுடும் விளையாட்டு ஆகும். 2024-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் ஆடவர் டிராப் போட்டியில் இந்தியாவின் சார்பில் பங்கேற்றவர், புதுக்கோட்டைத் தொண்டைமான் அரச மரபைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான். அவர் 125 தட்டுகளில் 118 தட்டுகளை உடைத்தார். பள்ளித் தேர்வாக இருந்தால் அது நூற்றுக்கு 94 மதிப்பெண்ணுக்கு மேல். ஆனால் அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 21-ஆம் இடம்.

தொலைக்காட்சியில் இப்போட்டியைப் பார்ப்பவர்களுக்கு வெடிச்சத்தமும் சிதறும் தட்டும் மட்டுமே தெரியும். குறி பார்க்கும் திறமை உள்ளவர் வெல்கிறார், இல்லாதவர் தோற்கிறார் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் ஒலிம்பிக் அளவுக்கு வந்துவிட்ட அனைவருக்குமே குறி பார்க்கத் தெரியும். ஒரு தட்டைத் தவறவிட்ட பிறகு அடுத்த தட்டை எப்படி எதிர்கொள்கிறார் என்பதே அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது. புதுக்கோட்டையின் வேட்டை மரபில் தொடங்கி இன்றைய டிராப் போட்டி வரையிலான வரலாற்றையும், அதில் வீரர்களின் நுட்பமும் மனநிலையும் எப்படி இயங்குகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வளரியும் வேட்டையும்

நகரும் இலக்கை வீழ்த்தும் கலை புதுக்கோட்டைப் பகுதிக்குப் புதிதன்று. துப்பாக்கிக்கு முன்பு இங்கே வளரி இருந்தது. பிறை வடிவில் வளைந்த இந்த எறிகருவி பெரும்பாலும் வைரம் பாய்ந்த மரத்தாலும், சில வேளைகளில் இரும்பாலும் செய்யப்பட்டது. ஒரு முனை கனமாகவும் மறு முனை இலேசாகவும் இருக்கும். இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில முறை சுழற்றி, விசையேற்றி எறிவார்கள். மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்ததாக ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திவான் வளரியைப் பற்றி அளித்த விவரத்தை எட்கர் தர்ஸ்டன் தம் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் பதிவு செய்தார். அப்போதே வளரியில் தேர்ந்தவர்கள் சமஸ்தானத்தில் இல்லை என்றும், முயல், காட்டுக்கோழி போன்றவற்றை வேட்டையாட மட்டும் அது எப்போதாவது பயன்பட்டது என்றும் அந்தக் குறிப்பிலிருந்து அறிகிறோம். வளரிக்கும் இன்றைய டிராப்புக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டு என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டிலும் சிக்கல் ஒன்றே. ஓடும் முயலோ பறக்கும் தட்டோ, இலக்கு இப்போது இருக்கும் இடத்தைக் குறிவைத்தால் அது தப்பிவிடும். சற்று நேரத்தில் இருக்கப்போகும் இடத்தைக் குறிவைக்க வேண்டும்.

இந்தியச் சமஸ்தானங்களில் வேட்டை அரசர்களின் பொழுதுபோக்காகவும் உரிமையாகவும் இருந்தது. புதுக்கோட்டையின் கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் 1928 முதல் ஆட்சியில் இருந்தார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-இல். இதற்கிடையே 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரு குற்றமாக்கியது. அரண்மனைகளில் இருந்த வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் சட்டப்படி மிஞ்சிய வழிகளில் ஒன்று விளையாட்டுத் திடல்.

இந்த மாற்றத்திற்கு இந்திய அளவில் முன்னோடி பிகானேர் மன்னர் கர்ணி சிங். 1960 ரோம் முதல் 1980 மாஸ்கோ வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற அவர், 1962-இல் கெய்ரோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். 2006-இல் மானவ்ஜித் சிங் சந்து டிராப்பில் உலகச் சாம்பியன் ஆனார். புதுக்கோட்டையில் பிரித்விராஜின் தந்தை ராஜகோபாலத் தொண்டைமானும் துப்பாக்கி சுடும் வீரரே. 'ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப்' இங்கே ஒரு சுடுதளத்தை நடத்துகிறது.

புறாவிலிருந்து தட்டுக்கு

'டிராப்' என்ற பெயருக்குப் பொறி என்று பொருள். இங்கிலாந்தில் இவ்விளையாட்டு தொடங்கியபோது, உயிருள்ள புறாக்களைப் பெட்டிகளில் அடைத்து, கதவைத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கின்போதுகூட உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி நடந்தது. 21 புறாக்களைச் சுட்ட பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன் அதில் வென்றார். பின்னர் ஒலிம்பிக்கில் அத்தகைய போட்டி இடம்பெறவில்லை.

அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1880 அளவில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் தட்டை உருவாக்கியிருந்தார். இன்றைய தட்டைக் 'களிமண் தட்டு' என்று அழைத்தாலும் அதில் களிமண் இல்லை. கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்க்கப்படும் அதன் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 105 கிராம். உயிர் போய்விட்டாலும் பழைய பெயர் போகவில்லை. இன்றும் ஆங்கிலத்தில் அதைக் 'களிமண் புறா' என்றே சொல்கிறார்கள்.

போட்டியின் அமைப்பு

வீரர்கள் நிற்கும் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதனுள் 15 எறி இயந்திரங்கள் வரிசையாக இருக்கும். வீரர்கள் நிற்பதற்கு ஐந்து இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று இயந்திரங்கள் வீதம் ஒதுக்கப்பட்டுள்ளன. வீரர் குரல் கொடுத்ததும், அந்த ஒலியை ஒலிவாங்கி உணர்ந்து மூன்றில் ஒன்றை இயக்கும். தட்டு இடப்பக்கமோ வலப்பக்கமோ நேராகவோ போகலாம். பக்கவாட்டுக் கோணம் 45 பாகை வரை இருக்கும். சுடாமல் விட்டால் தட்டு 76 மீட்டர் தொலைவு சென்று விழும்.

ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். அவற்றில் 10 இடப்பக்கம், 10 வலப்பக்கம், 5 நேராக என்ற கணக்கு எல்லா வீரர்களுக்கும் பொது. ஆகவே ஒருவருக்கு எளிய தட்டுகள், மற்றவருக்குக் கடினமான தட்டுகள் என்று குறை சொல்ல இடமில்லை. எந்த வரிசையில் வரும் என்பது மட்டுமே தெரியாது. தகுதிச் சுற்றில் இவ்வாறு ஐந்து சுற்றுகள், மொத்தம் 125 தட்டுகள். ஒலிம்பிக்கில் முதல் நாள் 75, மறுநாள் 50 என இவை இரண்டு நாள்களில் சுடப்படும். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் அனுமதி. முதல் தோட்டாவில் உடைத்தாலும் இரண்டாவதில் உடைத்தாலும் ஒரே புள்ளிதான். தட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டாவது உடைந்து விழ வேண்டும்.

சுடும் நுட்பம்

ரைபிளில் ஒரே குண்டு வெளிவரும். டிராப்பில் பயன்படும் ஷாட்கன்னின் தோட்டாவிலோ சிறு ஈயக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை பறக்கும்போது கொத்தாக விரிந்து செல்லும். தோட்டாவில் உள்ள ஈயத்தின் எடை 24 கிராமைத் தாண்டக் கூடாது.

'கொத்தாகப் போனால் குறி பார்ப்பது எளிது அல்லவா' என்று கேட்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஈயக் குண்டுகள் நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகின்றன. தட்டு 35 மீட்டர் தொலைவில் இருந்தால், அவை அங்கு சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான நேரம் பிடிக்கும். தட்டின் தொடக்க வேகமோ மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். எனவே குண்டுகள் போய்ச் சேர்வதற்குள் தட்டு இரண்டு மீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். கோணத்திற்கு ஏற்ப எவ்வளவு முந்திச் சுட வேண்டும் என்பது மாறும். தட்டு கிளம்பி அது உடைவது வரை எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால், அங்கே நின்று கணக்குப் போட முடியாது. கண் தட்டைப் பிடிக்க, துப்பாக்கி கண்ணைத் தொடர, விரல் தானாக விசையை அழுத்த வேண்டும்.

இதற்காக வீரர்கள் சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கிறார்கள்.

முதலாவது, நிற்கும் முறை. எடை முன்காலில் சற்றுக் கூடுதலாக இருக்கும். துப்பாக்கியைக் கையால் மட்டும் திருப்பாமல் இடுப்பிலிருந்து உடல் முழுவதும் திரும்ப வேண்டும். கை மட்டும் திரும்பினால் கன்னம் கட்டையை விட்டு விலகும். கன்னம் விலகினால் குறி தவறும்.

இரண்டாவது, தோளில் பொருத்துதல். ஸ்கீட் போட்டியில் தட்டு வெளிவரும் வரை துப்பாக்கியை இடுப்பளவில் வைத்திருக்க வேண்டும். டிராப்பில் முன்பே தோளில் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அழுத்தத்தில் பொருத்துவதற்காகவே ஆயிரக்கணக்கான முறை வெறும் துப்பாக்கியுடன் பயிற்சி செய்கிறார்கள்.

மூன்றாவது, பார்வை. குழலின் நுனி பள்ளத்தின் விளிம்பில் ஓர் இடத்தில் நிற்கும். கண்ணோ அதற்கு அப்பால், தட்டு தெரியப்போகும் வெளியில் இருக்கும். குழலைப் பார்த்தால் தட்டு மங்கும். தட்டைப் பார்த்தால் குழல் மங்கும். நல்ல வீரர் தட்டையே பார்க்கிறார்.

நான்காவது, ஊகிக்காமை. ஒவ்வோர் இடத்திலும் எந்தத் திசையில் எத்தனை தட்டுகள் வந்தன என்று எண்ணிக்கொண்டே வந்தால், கடைசியில் மிஞ்சியது எந்தத் திசை என்று கணித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் கணித்த பக்கம் கண் முன்கூட்டியே சாய்ந்துவிட்டால், எண்ணிக்கையில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் தட்டு எதிர்ப்பக்கம் பறந்துவிடும். ஆகவே, வருவதைச் சுடுவதே பாதுகாப்பான வழி.

தவறிய தட்டும் வீரரின் மனமும்

ஆறு பேர் கொண்ட குழு ஒன்றாகச் சுடும். ஒவ்வொருவரும் ஒரு தட்டைச் சுட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே மற்றவர்கள் சுடும் நேரம் முழுவதும் வீரர் காத்திருக்க வேண்டும். சுடுவதற்கு ஒரு நொடிகூட ஆவதில்லை, ஆனால் காத்திருக்கும் நேரமோ அதைப் போலப் பல மடங்கு. ஒரு தட்டு தவறிவிட்டால் அந்த நேரம் முழுவதும் மனம் அதையே சுற்றும். தவறிய தட்டுக்கு இழப்பு ஒரு புள்ளிதான். அதை நினைத்துக்கொண்டே அடுத்ததையும் விட்டால் இழப்பு இரண்டாகும்.

இதனால்தான் தேர்ந்த வீரர்களிடம் ஒரு மாறாத சடங்கைக் காண்கிறோம். தோட்டாவைப் போடுவது, மூச்சை விடுவது, கட்டையைத் தோளில் வைப்பது, பள்ளத்தைப் பார்ப்பது, குரல் கொடுப்பது ஆகிய எல்லாம் ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் நடக்கும். முதல் தட்டுக்கும் நூற்று இருபத்தைந்தாவது தட்டுக்கும் வேறுபாடு தெரியாது. மனத்துக்கு வேறு வேலை கிடைக்காமல் செய்வதே அந்தச் சடங்கின் பயன்.

எண்களில் பார்த்தால் இதன் கடுமை புரியும். ஒருவர் ஒவ்வொரு தட்டையும் உடைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 95 என்று கொள்வோம். அவர் தொடர்ந்து 50 தட்டுகளைத் தவறாமல் உடைப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 8-க்கும் குறைவு. ஒரு தட்டுக்கான வாய்ப்பு நூற்றுக்கு 98 ஆக உயர்ந்தால் அதே 50-க்கான வாய்ப்பு நூற்றுக்கு 36 ஆகிவிடும். ஒவ்வொரு தட்டிலும் மூன்று விழுக்காடு முன்னேற்றம் கடைசியில் நான்கு மடங்குக்கு மேல் பயன் தருகிறது. சிறு கவனக்குறைவும் அதே அளவில் பெருகிக் கெடுக்கிறது.

தோகா, ஹாங்சோ, பாரிசு

2023 மார்ச்சில் தோகாவில் நடந்த உலகக் கோப்பையில் பிரித்விராஜ் தனிநபர் டிராப்பில் வெண்கலம் வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனன் செனாய், சோராவர் சிங் சந்து, பிரித்விராஜ் ஆகியோர் அடங்கிய இந்திய அணி தங்கம் வென்றது. மூவரும் முறையே 122, 120, 119 தட்டுகளை உடைத்தனர். கூட்டுத்தொகை 361. வெள்ளி வென்ற குவைத் அணிக்கு 359. மொத்தம் 375 தட்டுகள் சுடப்பட்ட போட்டியில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தவை இரண்டே தட்டுகள். மூவரில் குறைவாக எடுத்தவரின் கடைசிச் சில தட்டுகளும் தங்கத்தின் எடையில் சேர்ந்தன.

பாரிசு ஒலிம்பிக்குக்கான வழி வேறு விதமானது. துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் இடத்தை வென்று தருபவருக்கு அந்த இடம் சொந்தமல்ல, அது நாட்டுக்குச் சொந்தம். ஆடவர் டிராப்பில் இந்தியாவுக்கான இடத்தை 2022-ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியில் வென்றவர் பவ்னீஷ் மெந்திரத்தா. பின்னர் நடந்த தேர்வில் பிரித்விராஜ் அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒருவர் வென்ற வாய்ப்பில் இன்னொருவர் சுடுவது இவ்விளையாட்டின் வழக்கமான விதிதான் என்றாலும், இருவருக்குமே அது எளிதான சுமையாக இருக்க முடியாது.

ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டிகள் பாரிசுக்குத் தெற்கே ஷாத்தோரூ என்ற ஊரில் நடந்தன. முதல் நாளில் பிரித்விராஜ் 75-க்கு 68 எடுத்தார். ஏழு தட்டுகள் தவறின. பட்டியலின் அடிப்பகுதியில் இருந்த அவருக்கு இறுதிச் சுற்று வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துபோயிருந்தது. மறுநாள் மீதமிருந்த 50 தட்டுகளில் 50-ஐயும் உடைத்தார். மொத்தம் 118, 21-ஆம் இடம்.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த எண்ணில் செய்தி எதுவும் இல்லை. சுற்றுகளைப் பிரித்துப் பார்ப்பவருக்குத்தான் அந்த இரண்டாம் நாளின் மதிப்பு தெரியும். பரிசு எதுவும் எஞ்சாத நிலையில், முழு ஒழுங்குடன் சுடப்பட்ட 50 தட்டுகள் அவை. எதிர்பார்ப்பு குறைந்ததால் கை இளகியது என்று சிலர் விளக்கலாம். அப்படியே இருந்தாலும் அது ஒரு பாடம்தான். முதல் நாளில் இல்லாத திறமை ஒரே இரவில் வந்துவிடாது. திறமை முன்பே இருந்தது, அதை வெளிவர விடும் மனநிலை வேறுபட்டிருக்க வேண்டும்.

தொலைக்காட்சி மாற்றிய போட்டி

1986-க்கு முன்பு இறுதிச் சுற்று என்று தனியாக ஒன்று இல்லை. தகுதிச் சுற்றின் மொத்த எண்ணிக்கையே வெற்றியைத் தீர்மானித்தது. பார்வையாளர்களுக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்ப, உலகத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பு இறுதிச் சுற்றைக் கொண்டுவந்தது. 2013-இல் விதி மேலும் மாறி, தகுதிச் சுற்றில் எடுத்த புள்ளிகள் இறுதிக்கு வராமல் எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்கினர். பாரிசில் ஆறு பேர் இறுதிக்கு வந்தனர். 25 தட்டுகள் முடிந்ததும் ஆறாவது நபர் வெளியேற, அடுத்தடுத்து ஒவ்வொருவராகக் குறைந்தனர். இறுதியில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டா. உடைவது திரையில் தெரிவதற்காகத் தட்டுக்குள் வண்ணப்பொடி வைக்கப்படுகிறது. பிரிட்டனின் நேதன் ஹேல்ஸ் 50-க்கு 48 உடைத்து ஒலிம்பிக் சாதனையுடன் தங்கம் வென்றார்.

இந்த மாற்றம் நுட்பத்தையும் மாற்றியது. தகுதிச் சுற்றில் இரண்டாவது தோட்டா ஒரு காப்பு. இறுதியில் அந்தக் காப்பு இல்லை. ஆகவே அவசரமாகச் சுட்டுவிட்டு இரண்டாவதை நம்பும் பழக்கம் உள்ளவர் இறுதியில் தடுமாறுவார்.

தொலைக்காட்சிக்காகவே உருவாக்கப்பட்ட போட்டிகளும் உண்டு. அமெரிக்காவின் ஹிஸ்டரி தொலைக்காட்சியில் 2010 முதல் 2013 வரை ஒளிபரப்பான 'டாப் ஷாட்' நிகழ்ச்சியில் போட்டியாளர்கள் வில், கத்தி, பழைய ரைபிள் எனப் பல கருவிகளைக் கையாண்டனர். அங்கே தோற்ற அணியினர் தம்மில் யாரை வெளியேற்றும் சுற்றுக்கு அனுப்புவது என்பதையும் வாக்களித்து முடிவு செய்தனர். ஆகவே குறியோடு கூட்டணியும் பகையும் சேர்ந்தே ஆட்டத்தை நடத்தின. டிராப்பில் எதிராளி உங்களை எதுவும் செய்ய முடியாது. ஆறு பேரும் அருகருகே நின்றாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே தட்டோடுதான் போட்டியிடுகிறார்கள். கோபப்பட ஆள் இல்லாததே இதன் கடினம்.

பாதுகாப்பும் வாய்ப்பும்

சுடுதளம் என்ற சொல் புதுக்கோட்டை மக்களுக்கு வேறொரு நினைவையும் தரும். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே உள்ள சுடுதளத்தில் பாதுகாப்புப் படையினரின் பயிற்சி நடந்தபோது, அப்பகுதியில் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் தலையில் குண்டு பாய்ந்து, சில நாள்களில் உயிரிழந்தான். அது விளையாட்டுச் சுடுதளம் அன்று. ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் செல்லக் கூடியது. டிராப் தோட்டாவின் ஈயக் குண்டுகள் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். ஆயினும் எந்தச் சுடுதளத்துக்கும் பொருந்தும் கேள்வியை அந்த மரணம் எழுப்பியது: இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? டிராப் வீரர்கள் தம் முறை வரும்வரை துப்பாக்கியை மடக்கித் திறந்த நிலையிலேயே வைத்திருப்பதும், நிற்குமிடத்துக்கு வந்த பிறகே தோட்டாவைப் போடுவதும் இந்தப் பொறுப்பின் பகுதிகள். விதியை மீறினால் போட்டியிலிருந்தே விலக்கப்படலாம்.

இன்னொரு கேள்வி, இவ்விளையாட்டு யாருக்குக் கிடைக்கிறது என்பது. நாளுக்கு 100 தட்டுகள், வாரத்தில் ஐந்து நாள் என்று பயிற்சி செய்தால் ஆண்டுக்கு 26,000 தட்டுகளும் அதற்குக் குறையாத தோட்டாக்களும் வேண்டும். துப்பாக்கி, உரிமம், சுடுதளம் எல்லாம் தனி. அரச குடும்பங்களிலிருந்து இவ்விளையாட்டு வளர்ந்ததற்கு இதுவே எளிய காரணம். ஆனால் அந்த வேலி உடையாதது அல்ல. ஹாங்சோவில் மகளிர் டிராப் அணியில் வெள்ளி வென்ற பிரீத்தி ரஜக், மத்தியப் பிரதேசத்தின் இடார்சியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். மாநில அரசின் போபால் பயிற்சி மையத்தில் உருவான அவர், 2024-இல் இந்திய ராணுவத்தின் முதல் பெண் சுபேதார் ஆனார். அரண்மனை தரும் வசதியை ஓர் அரசுப் பயிற்சி மையமும் தர முடியும் என்பதற்கு அவர் சான்று.

தமிழ்நாட்டில் ஆர்வத்துக்குக் குறைவில்லை. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது திரண்ட கூட்டம் அதைக் காட்டியது. அந்தக் கூட்டத்தில் இருந்த மாணவர் ஒருவர் தாமும் சுட விரும்பினால் எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்பதற்கு எளிய விடை கிடைக்கும்போதுதான் இந்த மரபு ஒரு குடும்பத்தின் மரபாக இல்லாமல் ஒரு மாவட்டத்தின் மரபாகும்.

அடுத்த ஒலிம்பிக்கில் டிராப் போட்டியைத் திரையில் பார்க்கும்போது, உடையும் தட்டுகளோடு உடையாத தட்டையும் கவனியுங்கள். அது பறந்து போய் விழுந்த பிறகு வீரர் துப்பாக்கியைத் திறக்கிறார், வெற்றுத் தோட்டா வெளியே விழுகிறது, அடுத்த இடத்துக்கு நடக்கிறார். அந்த நடையில் முன்பிருந்த அதே நிதானம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவருடைய அடுத்த தட்டு பெரும்பாலும் உடையும்.